நாற்பது நாள் இரும்பைத் தொடாதே

காட்பாடி ரயில் நிலையத்தில் அப்போது ஓர் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. காசு போட்டால் விளக்குகள் சுழன்று, சின்ன அட்டை ஒன்று வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். 1983 மே மாதம் எனக்கு விழுந்த அட்டையில் 42 கிலோ என்று இருந்தது. வயது 16. பலன் என்ன போட்டிருந்தது என்பது மறந்துவிட்டது, 42 மறக்கவில்லை. அன்று சாயங்காலமே, உடற்பயிற்சி சொல்லித்தரும் உஸ்தாதின் கொட்டகை வாசலில் போய் நின்றேன்.

2024 மே மாதம் மருத்துவமனை எடை மெஷினில் ஏறி நின்றேன். 84 கிலோ. சரியாக இரட்டிப்பு. இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2. இன்னும் கொஞ்சம் ஏறி 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய் என்றே எழுதிவிடுவார்கள். மாத்திரை எழுதுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர், "நடக்கிறீங்களா?" என்று கேட்டார். நடக்கிறேன் என்றேன். "நடந்தா மட்டும் போதாது. வாரத்துல ரெண்டு நாளாவது வெயிட் தூக்குங்க" என்றார்.

எடை ஏற வேண்டும் என்று ஒரு காலத்தில் இரும்பைத் தேடிப் போனவன், எடை இறங்க வேண்டும் என்று மறுபடியும் அதே இரும்பிடம் போனேன்.

உஸ்தாதின் கொட்டகை வேலூரில் பாலாற்றுப் பக்கம் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. மேலே ஓலை, கீழே செம்மண். ஒரு மூலையில் மல்யுத்தக் குழி. கர்லாக்கட்டைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். சிங்கிள் பார், டபுள் பார் இரண்டும் தண்ணீர்க் குழாயில் செய்தவை. எடைத் தட்டுகள் லேத் பட்டறையில் கடைந்தவை. அதுவும் போதாமல், டால்டா டின்னில் சிமென்ட் ஊற்றி, நடுவே கம்பி செருகிய டம்பெல்கள் நான்கைந்து. ரசம் போன ஒரு கண்ணாடி. அதற்கு மேலே காமா பயில்வானின் படம். 1910இல் லண்டன் போய் வெள்ளைக்கார மல்லர்களைத் திணறடித்த காமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உஸ்தாதுக்கு நேரம் போவதே தெரியாது. மாதம் 5 ரூபாய் கட்டணம். இல்லாதவர்களிடம் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் அன்று யாரும் 'ஒர்க் அவுட்' என்று சொல்ல மாட்டார்கள். 'கசரத்து எடுக்கிறான்' என்பார்கள். தண்டால், பஸ்கி என்கிற உட்கார்ந்து எழுதல், கர்லா. இந்த மூன்றும் தெரிந்தவன்தான் கசரத்து தெரிந்தவன்.

நான் போன முதல் நாள் கண் முழுக்க இரும்பின் மேலேயே இருந்தது. உஸ்தாத் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். "நாப்பது நாள் இரும்பத் தொடாத. மொதல்ல எடத்தப் பெருக்கு. அப்பறம் அஞ்சு தண்டால், பத்து பஸ்கி. போதும், வீட்டுக்குப் போ." எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து பஸ்கிக்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று இருந்தது. மறுநாள் காலை படியிறங்க முடியாமல் தொடை கடுத்தபோதுதான் பத்தின் கனம் தெரிந்தது.

வீட்டில் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார். அதில் தேதி போட்டு, எத்தனை எடுத்தேன் என்று அவரே எழுதுவார். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ கூட்டுவார். ஒரு நாள் உற்சாகத்தில் இரு மடங்கு எடுத்துவிட்டேன். பாராட்டுவார் என்று நின்றவனுக்குத் திட்டுதான் கிடைத்தது. "இன்னிக்கி நாப்பது எடுத்துட்டு நாளைக்கி வராம போறவன் எனக்கு வேணாம். இருவது எடு, நாளைக்கி வா."

அந்த நாற்பது நாள் கணக்கின் அர்த்தம் எனக்கு வெகுகாலம் கழித்துப் புத்தகங்களில்தான் கிடைத்தது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் நம் பலம் விறுவிறுவென்று கூடும். அது தசை பெருத்ததால் வந்த பலமில்லை. இருக்கிற தசையை நன்றாக வேலை வாங்க நரம்பு கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் அந்த வேகத்துக்கு வலுவாவதில்லை; அவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலருக்கு இரண்டாம் மாதம் தோளும் முழங்காலும் பிடித்துக்கொள்வது இதனால்தான். பலம் வந்துவிட்ட தைரியத்தில் எடையை ஏற்றிவிடுகிறார்கள், மூட்டு தாங்குவதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது என்ற முறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். அடிபட்ட காலை அசைக்காமல் வைத்திருப்பதே வைத்தியம் என்று பெரும்பாலும் நம்பிய காலம் அது. தாங்குகிற எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் கால் சீக்கிரம் தேறுகிறது என்று அவர் 1945இல் எழுதினார். உலகமெங்கும் இன்று ஜிம்களில் பத்துப் பத்தாக எண்ணி மூன்று செட் எடுப்பதற்குப் பின்னால் அந்த மருத்துவமனையின் கணக்கு இருக்கிறது. உஸ்தாத் டிலோர்மின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் என் 40 பக்க நோட்டில் அவர் எழுதிக்கொண்டிருந்ததும் அதே கணக்குதான்.

நான் குள்ளம் என்பதால் அவர் எனக்கு மட்டும் அடிக்கடி சொன்ன கதை மனோகர் ஐச்சுடையது. ஐந்தடிகூட இல்லாத வங்காளி. வெள்ளைக்காரன் காலத்தில் சிறையில் கிடந்தபோதும் உடற்பயிற்சியை விடாமல், 1952இல் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வாங்கினார். 2016இல் அவர் 104 வயதில் இறந்த செய்தியை நாளிதழில் படித்தேன். சொல்வதற்கு உஸ்தாத் அப்போது இல்லை.

உஸ்தாத் சொன்ன எல்லாமே சரி என்று நான் வாதாட மாட்டேன். கசரத்து எடுக்கும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பார். வேலூர் மே மாத வெயிலில் அது உடம்புக்குச் செய்த கொடுமை. இன்று தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இல்லாமல் நான் ஆரம்பிப்பதில்லை. வயிறு கரைய வேண்டும் என்பவர்களை இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு ஓடச் சொல்வார். அப்படிக் குறைவது வியர்வைத் தண்ணீர் மட்டும். ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். வயிற்றுக்கென்று பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை பலப்படும், அதன் மேலிருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் பார்த்துக் கரையாது. இந்த நம்பிக்கை அன்றும் இருந்தது, குளிரூட்டிய ஜிம்மில் இன்றும் இருக்கிறது.

1986இல் ஒரு வெள்ளிக்கிழமை. உஸ்தாத் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நாங்கள் நான்கு பேர் மட்டும் இருந்தோம். யார் அதிகம் தூக்குகிறோம் என்று பந்தயம். தரையில் கிடந்த பாரை நான் முதுகை வில்லாக வளைத்து இழுத்தேன். இடுப்பில் 'சடக்' என்று ஏதோ பிடித்தது. நிமிர முடியவில்லை. மூன்று வாரம் பாயோடு கிடந்தேன். அப்போதெல்லாம் முதுகு பிடித்தால் அசையாமல் படு என்றுதான் வைத்தியம் சொன்னார்கள். கால் மரத்துப்போவது போன்ற கோளாறுகள் இல்லையென்றால், முடிந்த அளவு சீக்கிரம் எழுந்து நடமாடு என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

உஸ்தாத் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. என் அம்மா அப்போது அடிபம்பிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு அடுத்த குடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். உஸ்தாத் என்னிடம், "உங்கம்மா கொடம் தூக்கறதப் பாத்திருக்கியா? பாரு" என்றார். திண்ணையில் படுத்தபடி பார்த்தேன். அம்மா குடத்தின் பக்கத்தில் நெருங்கி நின்றார். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துக் குனிந்தார். குடத்தை உடம்போடு ஒட்டி அணைத்துக்கொண்டு காலால் எழுந்தார். "இதான் பா. உனக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டியது இதான்" என்றார் உஸ்தாத்.

இப்போது நான் போகும் ஜிம்மில், டெட்லிஃப்ட் கற்றுத்தரும்போது பயிற்சியாளர் ஒரு குச்சியை முதுகுத்தண்டோடு வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தலை, முதுகு, புட்டம் மூன்றும் குச்சியைத் தொட்டபடியே குனிய வேண்டும். பார் காலின் முன்பக்கத்தை ஒட்டியே மேலே வர வேண்டும். அம்மாவின் குடம் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று அந்தப் பையன் பதறிப்போனான்.

அந்த ஜிம்முக்கு என்னைக் கூட்டிப்போனது என் மகள். மாதம் 1500 ரூபாய். வாசலில் விரல் ரேகை வைத்தால்தான் கதவு திறக்கும். வரிசையாக ட்ரெட்மில், லெக் பிரஸ், கேபிள், நான்கு பக்கமும் கண்ணாடி. பாட்டுச் சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை. காலை ஐந்தரைக்குப் போனால் சத்தம் குறைவு, கூட்டமும் குறைவு. சேர வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை மெஷின் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, பயிற்சியாளரின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கைபேசியில் இருந்தால் வேறு ஜிம் பாருங்கள். உஸ்தாத் கொட்டகையில் இருபது பேர் இருந்தாலும், எவன் முழங்கால் உள்ளே மடங்குகிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பத்து நிமிட தூரத்துக்கு மேல் இருந்தால் மழைக்காலத்தில் போக மாட்டோம்.

என் பயிற்சியாளருக்கு 26 வயது. முதல் நாளே எடை தூக்கலாம் என்றார். நாற்பது நாள் கழித்துத் தொடுகிறேன் என்றேன். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கணத்தில்தான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தண்டால், குச்சியோடு குனிவது. இவ்வளவுதான் செய்தேன். ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். மகள் கைபேசியில் செயலி போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, முதலில் கால். களைத்த பிறகு காலை விட்டுவிடத் தோன்றும் என்பதால் முதலிலேயே முடித்துவிடுகிறேன். பிறகு தள்ளுவதில் ஒன்று, இழுப்பதில் ஒன்று, தரையிலிருந்து தூக்குவதில் ஒன்று. 45 நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் வடிவம் குலையக் கூடாது. தூக்கும்போது மூச்சை விடுகிறேன், இறக்கும்போது இழுக்கிறேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கவே கூடாது. மறுநாள், அதற்கு மறுநாள் வரும் தசைவலி பயப்படத் தக்கதல்ல. மூட்டுக்குள் குத்தினால் மட்டும் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

பையன்கள் நெஞ்சையும் கையையும்தான் விரும்பிச் செய்கிறார்கள். கண்ணாடியில் தெரிவது அவைதானே. சர்க்கரை விஷயத்தில் நம்மைக் காப்பது தொடையும் புட்டமும். உடம்பிலேயே பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை வாங்கிக்கொள்வதில் அவற்றின் பங்கு பெரிது. உஸ்தாத் தண்டாலைவிட இரண்டு மடங்கு பஸ்கி எடுக்கச் சொன்னதை இப்போது நன்றியோடு நினைக்கிறேன்.

நடையை விட்டுவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. என் அலுவலக நண்பர்கள் கைக்கடிகாரத்தில் 10,000 அடி காட்டவில்லை என்றால் இரவு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். அந்தப் பத்தாயிரம், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவர்கள் கண்டுபிடித்த எல்லைக்கோடு கிடையாது. ஆறாயிரம், ஏழாயிரம் நடந்தவரும் நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கமும் பயிற்சியின் பாதிதான்.

சாப்பாட்டில்தான் இரண்டு காலத்துக்கும் பெரிய வித்தியாசம். அன்று ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கை, வேர்க்கடலை ஒரு கை, கேழ்வரகுக் களி, கையில் காசு இருந்தால் ஒரு முட்டை. வடாற்காட்டில் வேர்க்கடலைக்கு என்ன பஞ்சம்? இன்று ஜிம் வாசலிலேயே பவுடர் டப்பா விற்கிறார்கள். பவுடரை விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல நிறுவனத்தின் வே புரதம் என்பது பாலிலிருந்து பிரித்த உணவு, ஒரு கரண்டியில் சுமார் 24 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன்படும். இட்லியும் சாம்பார் சாதமும் மட்டும் சாப்பிட்டால் பாதிகூடச் சேராது. காலையில் இரண்டு முட்டை, மதியம் ஒரு தட்டு சுண்டல், மீன் அல்லது கோழி, இரவு தயிர் என்று பார்த்துக்கொண்டால் எனக்கு டப்பா தேவைப்படவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஊசி வேறு விஷயம். மூன்று மாதத்தில் உடம்பு வரும் என்று சொல்லி ஸ்டீராய்டு விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் அறிந்த ஒரு குடும்பத்துப் பையன் 22 வயதில் கல்லீரல் வீங்கி மருத்துவமனையில் கிடந்தான். ஸ்டீராய்டு இதயத்தையும் கெடுக்கும், பிள்ளை பெறும் சக்தியையும் கெடுக்கும். உங்கள் வீட்டுப் பையன் திடீரென்று பெருத்தால் பெருமைப்படாதீர்கள், கேளுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டு மாதக் கணக்கை எழுதியிருக்கிறேன். எடை 84லிருந்து 77. இடுப்பு 102லிருந்து 93. சர்க்கரைச் சராசரி 5.8. இடுப்பு இன்னும் மூன்று சென்டிமீட்டர் இறங்க வேண்டும்.

அன்றைக்கும் இன்றைக்கும் எது உசத்தி என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் இன்றைக்கு என்பேன். ஒரே ஒரு காரணம். உஸ்தாத் கொட்டகைக்குள் என் அம்மா ஒரு நாளும் வந்ததில்லை, எந்தப் பெண்ணும் வந்ததில்லை. அவர்கள் தூக்கிய குடத்துக்கும் இடித்த உரலுக்கும் யாரும் கசரத்து என்று பெயர் வைக்கவில்லை. பிறகு குழாய் வந்தது, மிக்ஸி வந்தது, மகன் சம்பாதித்தான். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். நாங்கள் அதைத்தான் அன்பு என்று நினைத்தோம். 'நீ ஒக்காரும்மா, நான் எடுக்கறேன்.' 74 வயதில் குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் தானாக எழுந்து நிற்கவேயில்லை. ஒன்றரை வருடம் இருந்தார்.

எலும்பும் தசையும் சுமையைச் சுமந்தால்தான் நிலைக்கும். முப்பதைத் தாண்டியதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் எலும்பும் சேர்ந்து மெலிகிறது. பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராஹோ குழுவினர் 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டு, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கையையும் முழங்காலையும் அதிகம் ஊன்றியவர்கள் பின்வந்த ஆண்டுகளில் அதிகமாக இறந்திருந்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது ஒரு காலத்தில் நம் வீட்டுப் பந்தியில் தினம் மூன்று வேளை நடந்தது.

2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. 2014இல் எங்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். இன்று அவள் 60 கிலோ பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிறாள். பக்கத்து ரேக்கில் பையன்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். என் மனைவிக்கு 54 வயது. "ஏங்க, இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்று இரண்டு மாதம் தட்டிக்கழித்தவள், சென்ற பொங்கலுக்குப் பிறகு சேர்ந்தாள். அவளுக்கும் ஒரு 40 பக்க நோட்டு. முதல் நாற்பது நாள் இரும்பைத் தொடவில்லை. இப்போது எட்டு கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்து பஸ்கி எடுக்கிறாள்.

உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மாவோ மாமியாரோ இருந்தால், நாளை காலை சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கையூன்றி எழட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நோட்டில் ஐந்து என்று எழுதுங்கள். அடுத்த வாரம் ஆறு.